திருவுளச்சீட்டிலிருந்து செமினரிக்கு

மேசைமேல் ஒரே மாதிரியான பாட்டுப் புத்தகங்கள் வரிசையாக நிற்கும். சபையார் முன்மொழிந்த ஆண்கள் எத்தனை பேரோ அத்தனை புத்தகங்கள். அவற்றில் ஏதோ ஒன்றுக்குள் மட்டும் வேதவசனம் எழுதிய துண்டுச் சீட்டு செருகியிருக்கும். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து உட்காருவார்கள். பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். எவர் கைப்புத்தகத்தில் சீட்டு இருக்கிறதோ அவரே அன்றிலிருந்து சாகும்வரை அந்தச் சபையின் போதகர். காலையில் தொழுவத்தில் பால் கறந்தவர் அடுத்த வாரம் பிரசங்கம் செய்வார். சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் மெனோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவின் பல சபைகள் 20ஆம் நூற்றாண்டிலும் இந்த வழக்கத்தை வைத்திருந்தன. அவர்களிடமிருந்து பிரிந்த ஆமிஷ் மக்கள் இன்றும் விடவில்லை. குடவோலையைப் பள்ளிப் பாடத்தில் படித்த நமக்கு இது புரியாத விஷயமில்லை: தகுதியை மனிதர் பார்ப்பார்கள், முடிவைச் சீட்டு சொல்லும். இப்படித் தம் போதகரைத் தேர்ந்த மக்கள், முதுநிலை இறையியல் படிப்புக்கென்று 1958இல் இந்தியானாவின் எல்க்கார்ட் நகரில் ஒரு கூட்டுச் செமினரியை ஏன் எழுப்பினார்கள்? எளிய விவசாயச் சமூகம் ஒன்று நகரத்துக்கும் நாகரிகத்துக்கும் மெல்லப் பணிந்துபோன கதை என்றே இதற்குப் பலரும் விடை சொல்கிறார்கள். அந்த விடை போதாது என்பது என் எண்ணம். ஆயுதம் ஏந்த மறுக்கும் மரபைச் சேர்ந்த அவர்களின் பிள்ளைகளை அரசாங்கம் போருக்குக் கூப்பிட்டது. ஏன் வரமாட்டாய் என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில்தான் இந்தக் கல்விக்கூடம் வேர் பிடித்தது.

படிப்பு இவர்கள் மரபுக்கு அந்நியம் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். மெனோனைட்டுகள் கிளைத்த இயக்கம் 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு வீட்டில் தொடங்கியது. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசத்தை வாயால் அறிக்கையிடும் வயதில் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எதிரிகள் அவர்களை அனபாப்டிஸ்ட், அதாவது மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பவர்கள், என்று அழைத்தார்கள். அந்த வீட்டில் கூடியவர்களின் தலைவர்கள் ஏர் பிடித்தவர்களில்லை. கான்ராட் கிரேபெல் வியன்னாவிலும் பாரிஸிலும் படித்தவர். ஃபெலிக்ஸ் மான்ஸ் எபிரெயம் அறிந்தவர். விரைவில் இயக்கத்தில் சேர்ந்த பல்த்தாசர் ஹூப்மையர் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். மிக்கேல் சாட்லர் துறவி மடத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். அடுத்த மூன்றாண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். கிரேபெல் 1526இல் கொள்ளைநோயில் இறந்தார். மான்ஸை 1527 ஜனவரியில் கைகால் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் சாட்லரை நாக்கறுத்து எரித்தார்கள். 1528 மார்ச்சில் ஹூப்மையரை வியன்னாவில் எரித்தார்கள். கற்றவர்கள் மூன்றே ஆண்டில் துடைத்தெடுக்கப்பட, மிஞ்சிய நெசவாளரும் குடியானவரும் மலைகளுக்கும் பண்ணைகளுக்கும் ஒளிந்தோடினார்கள். இயக்கத்துக்குப் பின்னாளில் பெயர் கொடுத்த மென்னோ சைமன்ஸே 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியை விட்டு வெளியேறி, எஞ்சிய வாழ்வில் பெரும்பகுதியைத் தலைமறைவாகக் கழித்தவர்தான். நெருப்பு மூட்டிய நீதிமன்றங்களில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளும் இருந்தார்கள் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை. பட்டத்தின்மேல் அவர்களுக்கு வந்த சந்தேகம் உபதேசத்தால் வந்ததைவிடத் துன்பத்தால் வந்ததே அதிகம்.

இதற்கு நெதர்லாந்து நல்ல சாட்சி. அங்கே கொலைத் துன்புறுத்தல் 16ஆம் நூற்றாண்டிலேயே ஓய்ந்தது. மெனோனைட்டுகள் வணிகர்களாகவும் மருத்துவர்களாகவும் செழித்தார்கள். அமெரிக்காவில் அவர்களின் உறவினர் சீட்டெடுத்துப் போதகரை நியமித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1735இல், ஆம்ஸ்டர்டாம் மெனோனைட்டுகள் சொந்தச் செமினரி தொடங்கிவிட்டார்கள். ஒரே விசுவாசம், ஒரே மென்னோ, ஒரே வேதாகமம். வேறுபட்டது வாழ்ந்த நிலைமை மட்டும். ஆனால் இந்த உதாரணத்தைப் படிப்பை எதிர்த்தவர்களும் கையில் எடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது: செமினரி வைத்த டச்சு மெனோனைட்டுகள் காலப்போக்கில் ஆயுதம் ஏந்தா உபதேசத்தையே கைவிட்டார்கள், பார்த்தீர்களா என்றார்கள். கைவிட்டது உண்மைதான். ஆனால் அதைச் செய்தது செமினரியா, இரண்டு நூற்றாண்டுச் செல்வமும் குடியுரிமையுமா? கல்லூரி வாசலையே மிதிக்காத ஜெர்மானிய மெனோனைட்டுப் பண்ணையாளர்களும் 19ஆம் நூற்றாண்டில் அதே வழியில் போனார்கள் என்பதை நினைத்தால், பழியைப் படிப்பின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகத் தெரியவில்லை.

வட அமெரிக்காவில் முதல் முயற்சிகள் தோற்றன. 1860இல் உருவான பொது மாநாட்டு மெனோனைட்டுச் சபை, ஒஹாயோவின் வாட்ஸ்வொர்த் ஊரில் 1868இல் ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தது; ஜெர்மனியிலிருந்து ஆசிரியரைக்கூட வரவழைத்தது. பத்தே ஆண்டில், 1878இல், கடனில் மூழ்கி மூடியது. அதே மாநிலத்தின் பிளஃப்டன் ஊரில் 1921இல் விட்மார்சம் செமினரி தொடங்கப்பட்டது. மென்னோ பிறந்த ஃப்ரீஸியக் கிராமத்தின் பெயர் அது. அதுவும் 1931இல் நின்றுபோனது. மெனோனைட்டுகளின் இன்னொரு பிரிவான பழைய மெனோனைட்டுச் சபையின் கோஷன் கல்லூரியோ, நவீனவாதம் புகுந்துவிட்டது என்ற சந்தேகத்திலும் பணத்தட்டுப்பாட்டிலும் 1923–24 கல்வியாண்டு முழுவதும் பூட்டிக் கிடந்தது. மக்கள் விரும்பவில்லை, அதனால் தோற்றது என்று இவற்றைக் காட்டிச் சொல்லலாம். விரும்பவில்லை என்பது சரி. ஏன் விரும்பவில்லை என்பதே முக்கியம். அந்நாளில் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் உலகம் நவீனவாதி, அடிப்படைவாதி என்று இரண்டாகப் பிளந்து மோதிக்கொண்டிருந்தது. மெனோனைட்டுச் சபைகளும் அந்தச் சண்டையை அப்படியே இரவல் வாங்கித் தம் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தன. அவர்களுக்கே உரிய கேள்வி எதுவும் அந்த வகுப்பறைகளில் முதன்மையாக எழவில்லை. அடுத்த வீட்டு வழக்கை விசாரிக்கக் கட்டிய மண்டபத்துக்குச் சபையார் எதற்குக் காணிக்கை கொடுக்கப் போகிறார்கள்?

சொந்தக் கேள்வியைப் போர் கொண்டுவந்து வாசலில் வைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது, ஆயுதம் தொட மறுப்பவர்களும் ராணுவ முகாமுக்குப் போய்த்தான் தீர வேண்டும் என்றிருந்தது. மெனோனைட்டு இளைஞர்கள் அங்கே அடியும் அவமானமும் பட்டார்கள். அதே அனபாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்த ஹட்டரைட் சகோதரர்கள் ஜோசஃப் ஹோஃபர், மைக்கேல் ஹோஃபர் இருவரும் ராணுவச் சிறையில் நலிந்து, 1918இன் இறுதியில் கான்சஸின் லெவன்வொர்த் கோட்டையில் இறந்தார்கள். உயிரோடிருந்தவரை அணிய மறுத்த சீருடையை ஜோசஃபின் பிணத்துக்கு உடுத்தியிருந்தார்கள் என்று அவர் குடும்பத்தின் நினைவு சொல்கிறது. இரண்டாம் உலகப்போருக்கு முன் சட்டம் சற்று இளகியது. 1940இன் ஆள்சேர்ப்புச் சட்டப்படி, மனசாட்சியின்பேரில் மறுப்பவர் குடிமக்கள் பொதுப்பணி முகாம்களில் சம்பளமில்லாமல் வேலை செய்யலாம். காட்டுத்தீ அணைத்தல், மண்ணரிப்பைத் தடுத்தல், மனநல மருத்துவமனைகளில் பணிவிடை என்று. அதற்கு முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 47 எண் கொண்ட அந்தப் படிவம் என்ன கேட்டது தெரியுமா? உன் நம்பிக்கையின் தன்மை என்ன, அதை யாரிடம் கற்றாய், எந்தச் சந்தர்ப்பத்திலாவது பலாத்காரம் தகும் என்று நினைக்கிறாயா. அப்பா சொன்னார், தாத்தா சொன்னார் என்று மட்டும் எழுதி அதை நிரப்பிவிட முடியாது. பத்தொன்பது, இருபது வயதுப் பண்ணைப் பையன்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு அந்தக் காகிதத்தின் முன் உட்கார வேண்டியிருந்தது.

விளைவைச் சபைகளே கணக்கெடுத்தன. ஆள்சேர்ப்பில் அழைக்கப்பட்ட மெனோனைட்டு இளைஞர்களில் பொதுப்பணி முகாமைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ 46 சதவீதம். ஏறத்தாழ 40 சதவீதம் பேர் முழு ராணுவப் பணிக்கே போனார்கள். மற்றவர்கள் ராணுவத்திலேயே ஆயுதமில்லா வேலைக்குப் போனார்கள். நானூறு ஆண்டு ஆயுதம் ஏந்தா மரபின் பிள்ளைகளில் பாதிக்கும் மேலானவர்கள் சீருடை அணிந்துவிட்டார்கள். பாட்டுப் புத்தகத்துச் சீட்டு பக்தியுள்ள போதகரைக் கொடுத்தது; காரணம் கேட்கும் அரசாங்கத்தின் முன் பிள்ளையைத் தயார்செய்யும் போதகரை அது கொடுக்கவில்லை என்பது அந்த எண்களில் தெரிந்தது. இதைச் சொல்வதால் அந்தப் போதகர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களைத் தனியாக விட்ட ஏற்பாட்டையே குறை சொல்கிறேன்.

ஹெரால்ட் பெண்டர் என்ற கோஷன் கல்லூரி வரலாற்றாசிரியர் 1943 டிசம்பரில், அமெரிக்கத் திருச்சபை வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், நியூயார்க்கில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு ‘அனபாப்டிஸ்ட் தரிசனம்’. கிறிஸ்தவத்தின் சாரம் சீஷத்துவம். திருச்சபை என்பது மனமொப்பிச் சேர்ந்த சகோதர ஐக்கியம். எல்லா உறவிலும் அன்பும் எதிர்த்துப் போராடாமையும் நெறி. இந்த மூன்றும்தான் அவர் சொன்னவை. கேட்டவர்கள் சரித்திர அறிஞர்கள். ஆனால் அந்த நேரத்தில் முகாம்களில் கோடரி பிடித்திருந்த இளைஞர்கள்தான் அதற்காகக் காத்திருந்த சபையார். 1927இல் ‘மெனோனைட்டுக் காலாண்டிதழ்’ என்ற ஆய்விதழைத் தொடங்கியவர் பெண்டர். கான்ராட் கிரேபெல்லைப் பற்றி ஹைடல்பெர்க்கில் ஆய்வு செய்து 1935இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1528க்குள் அறுந்த கல்விக் கயிற்றின் நுனியைத் தேடிப் பிடித்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. போர் முடியும்போது சிகாகோவில் 1945இல் பொது மாநாட்டுச் சபையின் மெனோனைட்டு வேதாகமச் செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டு கோஷனில் பழைய சபையின் செமினரி எழுந்தது. அதன் முதல்வர் பெண்டரே. அரை நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று தோற்ற காரியம் இரண்டே ஆண்டுகளில் இரண்டு இடங்களில் காலூன்றியதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

பெண்டர் தீட்டிய சித்திரம் போர்க்காலத் தேவைக்கு வரைந்தது, வரலாறாக அது ஒருதலைப்பட்சம் என்ற ஆட்சேபணை உண்டு. அது வலுவான ஆட்சேபணை, நான் அதை ஏற்கிறேன். சூரிச்சின் சாந்தமான சகோதரர்களே உண்மையான மூலம், மற்றவை வழுவல் என்று அவர் எழுதினார். மூன்ஸ்டர் நகரை 1534–35இல் வாளேந்தி ஆண்ட அனபாப்டிஸ்டுகளை அந்தச் சித்திரத்தில் அடக்க முடியாது. 1975இல் ஜேம்ஸ் ஸ்டேயர், வெர்னர் பாக்கல், கிளாவ்ஸ் டெப்பர்மான் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இயக்கத்துக்கு ஒரே ஊற்று இல்லை, பல ஊற்றுகள் என்று நிறுவி, பெண்டரின் கட்டுமானத்தை அடியோடு அசைத்தது. அது எங்கே வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்டர் தொடங்கிய அதே காலாண்டிதழில். தேவைக்காகப் பிறந்த கல்வி தேவையோடு நின்றிருந்தால் அது வெறும் பிரசாரம். தன்னை நிறுவியவரின் வாதத்தை அவர் இதழிலேயே உடைக்க இடம் கொடுத்தபோது அது கல்வியாயிற்று.

எல்க்கார்ட்டில் நடந்த இணைப்பில் வகுப்பறை சபைகளுக்கு முந்திக்கொண்டது. சிகாகோவில் இருந்த செமினரி நகரை விட்டு 1958இல் எல்க்கார்ட்டுக்கு வந்தது. கோஷன் செமினரியோடு கூட்டுச் சேர்ந்தது. ஆனால் கோஷன்காரர்கள் தங்கள் ஊரை விட்டு வரவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பத்து மைல்தான். அதைக் கடந்து இடம் மாறிவர 1969 ஆயிற்று. பெயரிலேயே தயக்கம் இருந்தது: ‘இணைந்த மெனோனைட்டு வேதாகமச் செமினரிகள்’ என்று பன்மையில் வைத்தார்கள். 1990களின் முற்பகுதியில்தான் சட்டப்படி ஒன்றாகிப் பன்மை ஒருமையானது. 2012இல் ‘இணைந்த’ என்ற சொல் போய் அந்த இடத்தில் ‘அனபாப்டிஸ்ட்’ வந்தது. ஒரு காலத்தில் எதிரிகள் வசையாக எறிந்த சொல் அது. இத்தனை தயக்கத்தோடு நடந்த இணைப்பானாலும், இரண்டு தாய்ச்சபைகள் ஒன்றாகி அமெரிக்கச் சபை, கனடியச் சபை என்று மறுவடிவம் பெற்றது 2002ஐ ஒட்டித்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாணவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்தே பெரியவர்கள் ஒரே மேசைக்கு வந்தார்கள் என்று தெரியும். சிகாகோவை விட்டதில் இழப்பும் இருந்தது. அங்கே செமினரியின் அண்டையில் இருந்த உட்லான் மெனோனைட்டுச் சபையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆராதித்தார்கள்; அதன் போதகர்களில் ஒருவராக இருந்த வின்சென்ட் ஹார்டிங்தான் பின்னர் மார்ட்டின் லூதர் கிங் 1967இல் வியட்நாம் போரைக் கண்டித்து ஆற்றிய பேருரையின் வரைவை எழுதியவர். சோளவயல் சூழ்ந்த எல்க்கார்ட்டுக்குப் போனபோது, அந்த நகரத்துத் தெரு கற்றுக்கொடுத்திருக்கக் கூடியது பின்னால் நின்றுவிட்டது.

இன்னொரு வகைக் கூடமும் வந்தது. 1990இல் கனடாவின் டொராண்டோவில் மெனோனைட்டு இறையியல் மையம் தொடங்கியபோது தனக்கென்று கல்லூரி கட்டவில்லை. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன் கல்லூரிகள் சேர்ந்த டொராண்டோ இறையியல் கூட்டமைப்புக்குள் ஓர் இடம் எடுத்துக்கொண்டு, உயராய்வு மாணவர்களைக் கூட்டியது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் ரைமர், மெனோனைட்டுகள் நடத்தையை மட்டுமே பேசி, திரித்துவம் போன்ற பழைய திருச்சபைக் கோட்பாடுகளைக் கோட்டைவிட்டார்கள் என்று வாதிட்டவர். பெண்டரின் வழிவந்தவர்களோடு நேருக்கு நேர் முரண்பட்டவர்.

கடைசி ஆட்சேபணை எல்லாவற்றிலும் கனமானது. செமினரி பட்டதாரிக் குருவர்க்கத்தை உண்டாக்கிவிட்டது, சபையின் அதிகாரத்தை நிபுணர் கையில் கொடுத்துவிட்டது என்பார்கள். பாதிதான் உண்மை என்று பதில் சொல்லத் தோன்றும். அந்தப் பழைய வரிசையில் சீட்டெடுக்க ஆண்கள் மட்டுமே போனார்கள், வகுப்பறைதான் பெண்களுக்கு வழி திறந்தது என்று காட்டலாம். ஆனால் அந்த வகுப்பறையில் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் வாதம் தடுமாறும். எல்க்கார்ட்டின் உலகப்புகழ் பெற்ற ஆசிரியர் ஜான் ஹோவர்ட் யோடர். 1972இல் வெளிவந்த ‘இயேசுவின் அரசியல்’ நூலின் ஆசிரியர், கிறிஸ்தவ அகிம்சைக்கு அறிவுலகில் பெரும் மதிப்புத் தேடித் தந்தவர். அவர் பல ஆண்டுகள் பெண்களைப் பாலியல் ரீதியாக அத்துமீறித் துன்புறுத்தினார். மாணவிகளும் அவர்களில் உண்டு. செமினரித் தலைமைக்கு 1970களிலேயே புகார் எட்டியது. ரகசிய விசாரணை நடந்தது. 1984இல் அவர் ஓசைப்படாமல் விலகினார். காரணம் வெளியே சொல்லப்படவில்லை. 1992இல் எட்டுப் பெண்கள் சேர்ந்து சபையின் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்ன பிறகே அவருடைய போதகர் அங்கீகாரம் நிறுத்திவைக்கப்பட்டது; அதையடுத்து எல்க்கார்ட்டின் உள்ளூர் நாளிதழ் தொடர்கட்டுரை வெளியிட்டது. அவர் 1997இல் இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2015இல் ரேச்சல் வால்ட்னர் கூசென் என்ற வரலாற்றாய்வாளர் எழுதினார். அதுவும் அதே காலாண்டிதழில்தான் வெளிவந்தது.

படிப்பு மனிதரைத் திருத்திவிடும் என்று நான் எங்கும் வாதிடவில்லை. இந்த வழக்கு அப்படி வாதிடவும் விடாது. காரணம் சொல்லக் கற்றுத்தரப் பிறந்த கூடம், தன் வீட்டுக்குள் காரணம் கேட்டவர்களின் வாயைப் பல ஆண்டுகள் அடைத்தது. தவறு செய்தவனை முதலில் தனியே சந்தித்துப் பேசு என்னும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு, பலமுள்ள ஆசிரியரிடம் பலமில்லாத மாணவியைத் தனியே அனுப்பும் கருவியாயிற்று. 1923இல் கோஷனைப் பூட்டியவர்கள் தேடிய ஆபத்து புத்தகங்களில் இருந்தது. உண்மையான ஆபத்து, புகழ்பெற்ற ஒருவரைக் கேள்வி கேட்க நிறுவனம் பயந்ததில் இருந்தது. 2015 மார்ச் 22 அன்று எல்க்கார்ட் செமினரியில் புலம்பலும் பாவ அறிக்கையுமாக ஓர் ஆராதனை நடந்தது. நிறுவனம் தன் தவற்றைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. முதல் புகாருக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். இந்தக் கூடத்தின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் 1943இன் உரையில் தொடங்கட்டும், 47ஆம் எண் படிவத்தையும் சொல்லட்டும். ஆனால் 1992இல் சாட்சி சொன்ன அந்த எட்டுப் பெண்களை அடிக்குறிப்பில் தள்ளாமல் நடுப்பக்கத்தில் எழுதட்டும்.